ஐயாயிரத்தில் தொடங்கி வீட்டு முன்பணம் வரை: வாங்கி, மாற்றி, விற்று ஏறும் முறை

சிவப்புக் கிளிப் கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. கனடாவைச் சேர்ந்த கைல் மெக்டொனால்ட் 2005 ஜூலையில் ஒரு காகிதக் கிளிப்பைக் கொடுத்து மீன் வடிவப் பேனா ஒன்றை வாங்கினார். பேனாவுக்குக் கதவுக் குமிழ், குமிழுக்கு முகாம் அடுப்பு, அடுப்புக்கு ஜெனரேட்டர் என்று 14 மாற்றுகள். 2006 ஜூலையில் சஸ்காட்செவன் மாகாணத்தின் கிப்ளிங் என்ற சிற்றூரில் அவர் கையில் ஒரு வீடு இருந்தது.

இதில் ஜெனரேட்டர் வரையிலான பகுதியை யாரும் செய்யலாம். அதற்குப் பிந்தையது வேறு சங்கதி. அவர் பெயர் இணையத்தில் பரவிவிட்டது. பனி உருண்டை (குலுக்கினால் உள்ளே பனி பொழிவதுபோல் தெரியும் கண்ணாடிப் பொம்மை) சேகரிக்கும் ஒரு நடிகர், அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு திரைப்பட வேடம் ஒன்றைக் கொடுத்தார். ஊர் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அந்தச் சிற்றூர் வேடத்துக்கு வீட்டைக் கொடுத்தது. நம் ஊரில் எந்தப் பேரூராட்சியும் அப்படிக் கொடுக்கப்போவதில்லை. ஆகவே இங்கே சொல்லப்போவது பண்டமாற்றிலேயே வீடு வாங்கும் வழி அல்ல. பழைய பொருட்களை வாங்கி, மாற்றி, விற்று, வீட்டுக் கடனுக்குக் கையிலிருந்து போட வேண்டிய பணத்தைச் சேர்க்கும் வழி.

எவ்வளவு வேண்டும்

தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில் 20 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மீதி 2 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 1,80,000. இதற்குக் கடன் தரமாட்டார்கள். வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், வங்கியின் செயலாக்கக் கட்டணம், பத்திரம் எழுதுபவர் என்று இன்னும் 30,000. மொத்தம் 4,10,000. கட்டி இருபது வருடம் ஆன வீடு என்றால் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வங்கிகள் தயங்கும். அப்போது 6,10,000 ஆகிவிடும்.

இலக்கை 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 15,600. அதைச் சம்பளம்தான் கட்ட வேண்டும். பழைய பொருள் வியாபாரத்தை நம்பித் தவணை கட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

எத்தனை சுற்று

500 ரூபாயை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினால் பதினோராவது முறையில் 10,24,000 வரும் என்று யூடியூபில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு சரி, சந்தை அப்படி இல்லை. 2,000 ரூபாய் சைக்கிளை இரட்டிப்பு விலைக்கு விற்கலாம். 2 லட்ச ரூபாய்க் காரை யாராலும் அப்படி விற்க முடியாது. விலை ஏற ஏற, வாங்குபவரும் நாலு இடம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்.

நடைமுறைக் கணக்கு இது. ஒரு பொருளை வாங்கி விற்று முடிப்பது ஒரு சுற்று. 5,000இலிருந்து 50,000 வரை, செலவெல்லாம் போக ஒரு சுற்றுக்கு 25 சதவீதம் நிற்கும். அதற்கு 11 சுற்று. 50,000இலிருந்து 5 லட்சம் வரை 10 சதவீதம்தான் நிற்கும். அதற்கு 25 சுற்று. மொத்தம் 36. மாதம் ஒரு சுற்று என்றால் மூன்று வருடம். இடையில் லாபத்தை எடுத்துத் தீபாவளிக்குச் செலவழித்தால் நாலு, ஐந்து என்று நீளும்.

சுற்றை வேகப்படுத்துவது லாபத்தைக் கூட்டுவதைவிட எளிது. 25 சதவீதத்துக்காக இரண்டு மாதம் காத்திருப்பதைவிட 12 சதவீதத்துக்கு மூன்று வாரத்தில் தள்ளிவிடுவது மேல். அதனால் ஏணிப்படியாக எடுக்கும் பொருளை நீங்களே சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் வைக்க இடம் இருக்க வேண்டும், பழுதுபார்க்க என்ன ஆகும் என்று வாங்கும் முன்பே தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பியானோ, மீன் தொட்டி, ஜிம் மெஷின், தேக்குக் கட்டில் எல்லாம் பார்க்க லாபமாகத் தெரியும். வீட்டில் மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

முதல் ஐயாயிரம்

வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம். இரண்டாவது மிக்ஸி, ஓடாத டேபிள் ஃபேன், பிள்ளை வளர்ந்துவிட்ட சின்ன சைக்கிள். பித்தளைப் பாத்திரம் இருந்தால் அவசரப்பட்டுக் காயலான் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எடைக்கு விலை. அதே அண்டாவையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கிப் படமெடுத்துப் போட்டால் வீட்டு அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் எடை விலைக்கு மேலேயே கொடுப்பார்கள். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் உள்ளே இருக்கும் ஈயத்தால் மதிப்பு உண்டு. புது பேட்டரி விற்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

அரசு முத்திரை பதித்த இலவச மடிக்கணினி, மிதிவண்டி, மிக்ஸி, கிரைண்டர் எதையும் தொடாதீர்கள். மலிவாக வரும், விற்கப் போகும்போது வம்பு வரும்.

விலை தெரிந்துகொள்ள ஒரே வழி நாலு வாரம் எதையும் வாங்காமல் பார்ப்பதுதான். சென்னையில் இருந்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு, வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. மற்றவர்களுக்கு ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸும் போதும். விளம்பரத்தில் போட்ட விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பத்து விளம்பரங்களைக் குறித்துவைத்து, எது எத்தனை நாளில் காணாமல் போகிறது என்று பாருங்கள். மூன்று நாளில் காணாமல் போனது எந்த விலையோ அதுதான் சந்தை விலை. இதை மூன்று நாள் விலை என்று சொல்லிக்கொள்வோம். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான்.

மலிவு என்பது பொருளில் இல்லை, விற்பவரின் அவசரத்தில் இருக்கிறது. "முப்பத்தொண்ணாம் தேதி வீடு காலி பண்ணணும்" என்று ஒருவர் சொன்னால் 27ஆம் தேதிக்கு மேல் போய்ப் பேசுங்கள். ஐடி கம்பெனிகள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் வெளிநாடு போகிறவர்கள் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். தனித்தனியாகப் பேரம் பேசாமல் "எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன், வண்டியும் நானே கொண்டுவரேன்" என்றால் பாதி விலைக்கு இறங்குவார்கள். ஏசியையும் ஏர் கூலரையும் மழைக்காலத்தில் வாங்கி மார்ச்சில் விற்க வேண்டும். சைக்கிளுக்கு ஜூன் பள்ளித் திறப்பு. வண்டிக்கு ஆடி மாதம் வாங்க நல்லது, ஆவணி விற்க நல்லது. அஷ்டமி நவமியில் ஒருவரை டோக்கன் கொடுக்கக் கூப்பிட்டுவிட்டு, "ஏன் வரவில்லை" என்று கோபப்பட்டுப் பயனில்லை.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்

ஐயாயிரம் பத்தாயிரம் ஆவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். லாபத்தைத் தின்பதும் இவற்றின் போக்குவரத்துச் செலவுதான். குட்டியானை (சிறு சரக்கு வண்டி) வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி இரண்டையும் முன்கூட்டிக் கேட்டு வாங்கும் விலையில் கழியுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஃபிரிட்ஜை நம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

ஃபிரிட்ஜைப் பார்க்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். போனதும் போட்டு, கம்ப்ரஸர் தடங்கலில்லாமல் கிளம்புகிறதா என்று கேளுங்கள். டிக் என்று சத்தம் வந்து நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி டிக் என்றால் கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலே போயிருக்கலாம், கம்ப்ரஸரே போயிருக்கலாம். எது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. அரை மணியில் ஃப்ரீசர் சுவரில் கை வைத்தால் எங்கும் ஒரே மாதிரி குளிர வேண்டும். ஒரு மூலை மட்டும் குளிர்ந்தால் கேஸ் குறைவு. கேஸ் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை என்று பொருள். நிரப்பினால் மட்டும் நிற்காது. புது மாடல்களில் இருக்கும் ஆர் 600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது, தெருமுனை மெக்கானிக் எல்லாரும் கை வைக்கக் கூடாது. கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த்தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். வண்டியில் நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கும். அப்படிக் கொண்டுவந்திருந்தால் பல மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும்.

வாஷிங் மெஷினில் டிரம்மைக் கையால் சுற்றி, மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங். வேலை முடிய அரை நாள் ஆகும், கூலி கூடுதல். தண்ணீர் வடியாதது பெரும்பாலும் அடைப்பு. காசு குறைவு, பேரத்துக்கு நல்ல சாக்கு. உப்புத் தண்ணீர் ஊர்களில் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

போன்

எடுத்துவர ஆட்டோகூட வேண்டாம், நாலு நாளில் விற்றுவிடலாம். அதனால்தான் திருட்டுப் பொருளும் இங்கேதான் அதிகம். திருட்டுச் சொத்தை வாங்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம்.

*#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ (போனின் தனி அடையாள) எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எண் தடைசெய்யப்பட்டதா என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். பில் இல்லாத போனை எவ்வளவு மலிவாக வந்தாலும் விடுங்கள். விற்பவரின் ஆதார் நகல், "இந்த எண்ணுள்ள போனை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு விற்றேன்" என்று கையெழுத்து, பணம் அவர் பெயரிலான கணக்குக்கு ஜி.பே. இந்த மூன்றும் இருந்தால் நாளை காவல் நிலையத்தில் பதில் சொல்ல முடியும்.

கூகுள் கணக்கு அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன் ரீசெட் செய்து, புது போன் போலத் திறக்கும் திரை வரை அவரே கொண்டுவர வேண்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அந்த போன் வெறும் கண்ணாடித் துண்டு. வெள்ளைத் திரையை வைத்து நிழலோ கோடோ தெரிகிறதா என்று பாருங்கள்; சாம்சங்கில் *#0*# சோதனைப் பட்டியலைத் திறக்கும். ஐபோனில் பேட்டரி ஆரோக்கியம் 80க்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் காசைக் கழித்துப் பேசுங்கள்.

விற்கும்போது வரும் ஆபத்து வேறு. "நான் மிலிட்டரியில் இருக்கேன், க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று அழைப்பு வரும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடும் வேலையே இல்லை.

மாற்றும் கணக்கு: மேல்பணம்

விற்றுக் காசாக்கி மறுபடி வாங்குவதைவிடப் பொருளுக்குப் பொருள் மாற்றி, வித்தியாசத்தை மேல்பணமாகக் கொடுப்பது பல நேரம் லாபம். வீட்டில் சும்மா நிற்கும் வண்டியை வைத்திருப்பவர் காசு விலையில் விடாப்பிடியாக இருப்பார். தான் ஆசைப்பட்ட போன் கண்முன் இருந்தால் இளகிவிடுவார். ஆனால் தப்பும் இங்கேதான் நடக்கிறது.

உங்களிடம் ஒரு போன். வாங்கியது 9,000, மூன்று நாள் விலை 12,000. எதிர்ப்பக்கம் ஒரு 110 சிசி ஸ்கூட்டர். அவர் விளம்பரம் 28,000, மூன்று நாள் விலை 22,000, சரிசெய்தால் 26,000க்குப் போகும். இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. பின் டயர், பேட்டரி, சர்வீஸ், மூன்றாம் நபர் காப்பீடு, பெயர் மாற்றம் சேர்த்து 5,000 ஆகும். அவர் கேட்பது போனும் 12,000மும்.

9,000, 12,000, 5,000 கூட்டினால் 26,000. விற்பதும் 26,000. பூஜ்யம். நீங்கள் போனும் 7,000மும் என்று பேசி முடித்தால் அடக்கம் 21,000, லாபம் 5,000 என்று தோன்றும். அதுவும் சரியல்ல. போனைச் சும்மா விற்றிருந்தாலே 3,000 வந்திருக்கும். ஆக ஸ்கூட்டர் சம்பாதித்துக் கொடுத்தது 2,000 மட்டுமே. அதற்கு நாலு வார அலைச்சல். மாற்றும்போது உங்கள் பொருளை வாங்கிய விலையில் எழுதாதீர்கள், மூன்று நாள் விலையில் எழுதுங்கள். பழகிய ஆட்களே இதில் சறுக்குகிறார்கள். நோட்டில் லாபம் தெரியும், கையில் பணம் இருக்காது.

அந்த நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய தொகை, போக்குவரத்து, பழுது, விற்ற தொகை, கையில் இருந்த நாட்கள் என்று ஐந்து கட்டம் போதும். எப்போதும் மூன்றில் ஒரு பங்கு காசாகவே இருக்கட்டும். எல்லாப் பணமும் பொருளில் மாட்டிக்கொண்ட வாரத்தில்தான் நல்ல வண்டி ஒன்று பாதி விலைக்கு வரும்.

வண்டி

இங்கே இன்ஜினைவிடக் காகிதம் முக்கியம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயரின் எழுத்துகள், காப்பீட்டுத் தேதி, நிதி நிறுவனக் கடன் இருக்கிறதா என்பது தெரியும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் நீக்காமல் இருந்தால் நிறுவனத்தின் என்ஓசியும் (தடையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். அவற்றை வாங்கித் தரும் அலைச்சல் விற்பவருடையது. முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்த்து விலையில் கழியுங்கள். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 தடையின்மைச் சான்று, மறுபதிவு, வரி என்று நீளும். சிறு லாபத்துக்கு வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. இதைத் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமலே அடுத்தவருக்குத் தள்ளுவதுதான் சந்தையில் ஓப்பன் ஃபார்ம் வியாபாரம். செலவு மிச்சம் என்பார்கள். வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. கடைசியில் பழைய உரிமையாளர் உங்களைத் தேடி வருவார். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

வாங்கி விற்பதே தொழில் என்று ஆகிவிட்டால் இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் முகவர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி உங்கள் கையில் இருக்கும் காலத்துக்கு நீங்களே பொறுப்பாளர் என்று பதிவாகும்; விற்றவரும் நிம்மதியாக இருப்பார்.

இன்ஜினைப் பார்க்கும் முன் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல், வேலை பெரிது. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதால், சின்ன வேலை. பின்னால் பத்தடி தள்ளி நின்று இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்க்க ஆளை ஓட்டச் சொல்லுங்கள். சேசிஸ் வளைந்த வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றும் காசைக் கழியுங்கள். 15 வருடம் நெருங்கும் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் விலையைப் பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லட்சம் தாண்டியதும் கார் ஆசை வரும். 2 லட்ச ரூபாய் காரில் ஒரு கியர்பாக்ஸ் கோளாறு இரண்டு வருட உழைப்பை விழுங்கும். இரண்டு மூன்று ஸ்கூட்டர்களை ஒரே நேரத்தில் சுழற்றுவது அதைவிடப் பத்திரம்.

சேர்ந்த பணம்

வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு திறந்து, வாங்குவதும் விற்பதும் அதிலேயே நடக்கட்டும். சம்பளத்தோடு இந்த வருமானத்தையும் கடனுக்குக் காட்ட வேண்டும் என்றால் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கும் பணத்தை வங்கி மேலாளர் வருமானமாக எடுத்துக்கொள்ளமாட்டார். வியாபாரத்தில் சுழலாமல் சும்மா கிடக்கும் பணத்தைத் தொடர் வைப்பிலோ பதிவு பெற்ற சீட்டிலோ பூட்டிவிடலாம். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பதிவில்லாத தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு பற்றி ஒவ்வொரு வருடமும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் முதல் நாளே போய்விடும்.

மனையை ஏணிப்படியாக்காதீர்கள்

3 லட்சம் சேர்ந்ததும் "ஊருக்கு வெளியே ஒரு மனை போட்டு வச்சு, டபுள் ஆனதும் வித்துடலாம்" என்று ஒருவர் வருவார். வாங்கும்போது முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் 9 சதவீதம் போகிறது. உங்களிடம் வாங்குபவருக்கும் 9 சதவீதம் போகும்; அதை உங்கள் விலையில்தான் குறைப்பார். ஸ்கூட்டர் மூன்று வாரத்தில் போகும். மனை மூன்று வருடமும் நிற்கலாம். வீடு கட்டப்போகும் மனை என்றால் வாங்குங்கள், மாற்றி ஏறுவதற்காக என்றால் வேண்டாம். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

காரைக் கொடுத்து மனையை மாற்றிக்கொள்வதாக வாய்ப்பேச்சில் முடிப்பவர்களும் உண்டு. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து எதுவும் பதிவு செய்யாமல் கைமாறாது. மனைக்கு மனை பரிவர்த்தனை ஆவணம் போட்டாலும், இரண்டில் அதிக மதிப்புள்ள சொத்தின்மீது முத்திரைத் தீர்வை விழும்.

மனையோ வீடோ, பார்க்க வேண்டிய தாள்கள் ஒன்றே: தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சி, 30 வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் ஒப்புதல் தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏவின் அனுமதி எண். வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்திலும் பட்டாவை அரசின் நில ஆவணத் தளத்திலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறை செய்வதற்கு 2016 அக்டோபர் 20 எல்லைத் தேதி, அதற்குப் பிந்தையவை அதில் சேராது. வரன்முறை செய்யப்பட்ட ஆணை இல்லையென்றால் வங்கி கடன் தராது.

வீடு முடிவானதும் பழைய பொருள் வியாபாரத்தை நிறுத்தி, கையில் உள்ளதையெல்லாம் விற்றுக் கணக்கில் போடுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துப் பேரத்தில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்குச் சட்டத்தில் தடை. வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் விழும். கிரைய உடன்படிக்கையில் மொத்தத் தொகை, முன்பணம், கெடு இவற்றோடு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தாலோ கடன் மறுக்கப்பட்டாலோ முன்பணம் முழுவதையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்." புரோக்கர் "அதெல்லாம் எழுத மாட்டாங்க சார்" என்பார். எழுத மறுப்பவரிடம் டோக்கனைக் கொடுக்காதீர்கள். தாள்களில் என்ன குறை என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.